இரண்டாவது ராடு

எங்கள் பிரிவு அலுவலகத்தில் இப்போது வேலை செய்யும் இளைஞர்கள் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே முடிவு செய்திருந்தார்கள்: ‘துன்பம் எனக்குத் தந்த பாடம்’. என்னுடைய சட்டைகளில் இடது கை முழங்கைக்குக் கீழே மடித்துத் தைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே தலைப்பைச் சொன்னார்கள். காபி குடித்தார்கள். போகும்போது ஒருவர், “சோகமா இல்லாம கொஞ்சம் உற்சாகமா எழுதுங்கண்ணே” என்றார்.

தலைப்பை மாற்றிவிட்டேன். உற்சாகத்துக்கு நான் பொறுப்பில்லை.

நான் எப்போதும் கவலைப்படுகிற ஆள். மகள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினால், அது தெருமுனை திரும்பும் சத்தம் கேட்கும்வரை வாசலில் நிற்பேன். சத்தம் கேட்ட பிறகு, திரும்பியது அவள் வண்டிதானா என்று யோசிப்பேன். இப்போது அதற்கு நியாயமான காரணமும் சேர்ந்திருக்கிறது. என் மகள் சுதா, நான் வேலை செய்த அதே மின்வாரிய அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். இந்த ஆண்டுத் திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, அவள் கண்ணெதிரே அவளுடைய லைன்மேன் ஒருவர் ஏணியிலிருந்து தரையில் விழுந்தார். அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், “வேலைய விட்டுடட்டுமாப்பா?” என்று கேட்டாள்.

விட்டுவிடு என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. அந்த வார்த்தை வாயில் தயாராக இருந்தது. உடனே ஏன் சொல்லவில்லை என்பதை விளக்க, என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தேன். மாகறலிலிருந்து தினம் பஸ்ஸில் காஞ்சிபுரம் வந்து ஹெல்பராகச் சேர்ந்தேன். முதலில் ஏணி தூக்கினேன். பிறகு ஏணியில் ஏறினேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் போர்மேன் கன்னியப்பனைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

கன்னியப்பன் குள்ளமான மனிதர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தெருவில் வேலை என்றால், டிரான்ஸ்பார்மருக்குப் போய் அந்தத் தெருவுக்கான பியூஸ் கேரியர்களை அவரே பிடுங்குவார். பிடுங்கியதை அங்கே வைக்கமாட்டார். காக்கித் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வார். டீ குடிக்கும்போதும் பை தோளிலேயே இருக்கும். பை அவரிடம் இருக்கும்வரை யாராலும் தெருவுக்குக் கரண்ட் கொடுக்க முடியாது. பிறகு எர்த் ராடு. மூங்கில் கழியின் நுனியில் கொக்கி இருக்கும், அதிலிருந்து ஒரு செம்புக் கயிறு தரையில் அடித்த முளைக்கு வரும். கொக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டால், தப்பித்தவறி எங்கிருந்தாவது கரண்ட் வந்தாலும் அது மண்ணுக்குள் போய்விடும், நமக்குள் வராது. கொக்கியை மாட்டிய பிறகுதான் ஏணியைச் சாய்க்க விடுவார். ஏறுகிறவன் ஏறி முடித்ததும், ஏணியின் கீழ்ப்படியில் தன் வலது காலை வைத்துக்கொண்டு நிற்பார். வேலை முடிந்து அவன் இறங்கும்வரை அந்தக் கால் எடுபடாது.

“ஏண்ணே, உக்காருங்களேன்” என்று ஒருமுறை சொன்னேன்.

“நீ மேல நிக்கும்போது நான் கீழ உக்காந்தா நல்லா இருக்குமாடா?” என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

இந்த ஊரில் லைன்மேனுக்கு வேறு எங்கும் இல்லாத ஒரு வேலை உண்டு. சாமிக்கு முன்னால் நடக்க வேண்டும். வாகனத்தில் பெருமாள் புறப்பட்டு வருகிறார் என்றால், வாகனம் உயரம், அதற்கு மேல் குடை உயரம். தெருவின் குறுக்கே போகும் வீட்டுக் கம்பிகளில் குடை மாட்டும். ஆகவே ஊர்வலத்துக்கு முன்னால் நாங்கள் ஒரு குழுவாகத் தெருத்தெருவாகக் கரண்டை நிறுத்திக் கம்பிகளைக் கழற்றிக்கொண்டே போவோம். ஊர்வலத்துக்குப் பின்னால் இன்னொரு குழு எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டே வரும். முன்னால் போகிறவர்களுக்குச் சாமி தரிசனம் இல்லை. பின்னால் வருகிறவர்களுக்குச் சாமியின் முதுகு கிடைக்கும். தறிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்று எங்களிடம் “எப்ப வரும்?” என்பார்கள். அவர்கள் கேட்பது கரண்டைப் பற்றி. பெருமாள் எப்போது வருவார் என்பதை அவர்கள் மேளச்சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வார்கள்.

சுதா இரண்டாம் வகுப்பு படித்த வருடம், கருட சேவையன்று, நான் பின்குழுவில் இருந்தேன். சாமி கடந்துவிட்டார். வெயில் ஏறிவிட்டது. ஒரு திருப்பத்தில் இருந்த கம்பத்தில், இரண்டு தெருக் கம்பிகளையும் சேர்க்கிற ஜம்பர் என்கிற சிறு இணைப்புத் துண்டு கருகியிருந்தது. அதைக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும். கன்னியப்பனின் பையில் பியூஸ் கேரியர்கள் இருந்தன. எர்த் ராடு மாட்டியிருந்தது. அப்போதெல்லாம் ஒரு குழுவுக்கு ஒரு ராடுதான். அது போதாது என்று யாருக்கும் தோன்றவில்லை. கம்பத்தோடு சேர்த்துக் கட்டும் இடுப்புப் பட்டை அலுவலகப் பீரோவில் இருந்தது. அதன் சாவி யாரிடம் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏறினேன். கன்னியப்பனின் கால் கீழ்ப்படியில். ஜம்பரைக் கழற்றினேன். கழற்றியதும் இரண்டு பக்கமும் தனித்தனியாகிவிட்டன. ராடு மாட்டியிருந்தது ஒரு பக்கம். மறுபக்கக் கம்பியை என் இடது கையால் இழுத்துப் பிடித்திருந்தேன். அந்தப் பக்கத் தெருவில் ஒரு கல்யாண மண்டபம். கரண்ட் இல்லாமல் மைக் வேலை செய்யவில்லை என்று யாரோ சத்தம் போட, மண்டபத்து ஆள் ஜெனரேட்டரைத் தட்டினான். மண்டபத்தின் வயரிங்கைத் தெருக் கம்பியிலிருந்து பிரிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் அங்கே இல்லை. ஜெனரேட்டரின் கரண்ட் மைக்குக்கும் போனது, எனக்கும் வந்தது.

பிடித்த கையை விட முடியாது. கரண்ட் அடித்தால் தூக்கி எறியும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கரண்ட் எறியாது, பிடித்துக்கொள்ளும். நான் கத்தவில்லையாம். என் உடம்பு ஏணியை அதிரவைத்ததாம். கன்னியப்பன் மேலே ஒரு தடவை பார்த்தார். பிறகு கீழ்ப்படியில் இருந்த அதே காலால் ஏணியை உதைத்துத் தள்ளினார். ஏணி போனது. என் முழு எடையும் அந்தக் கையில் தொங்கி, கை கம்பியை விட்டது. நான் கீழே விழுந்தேன். இடுப்பெலும்பு உடைந்தது. இடது கை ஏற்கனவே வெந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். எல்லோரிடமும் ஆரஞ்சுப் பழமும் ஒரு கருத்தும் இருந்தன. “உயிரோட இருக்கியே, அத நெனச்சிக்கோ.” “வலது கை இருக்குது இல்ல.” “இதுலயும் ஒரு நல்லது இருக்கும்.” என் மைத்துனர் கட்டிலில் உட்கார்ந்து, “கடவுள் காரணம் இல்லாம எதையும் செய்யமாட்டாரு மாமா” என்றார்.

“காரணம் ஜெனரேட்டர்” என்றேன். அவர் பழத்தை உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

சுதாவை அழைத்து வந்தார்கள். கட்டைப் பார்த்து, “கை எங்கப்பா?” என்றாள்.

“ஆஸ்பத்திரியில வெச்சிக்கிட்டாங்க.”

“திரும்பக் குடுப்பாங்களா?”

“மாட்டாங்க.”

“நீ ஏன் குடுத்த?”

அவள் அம்மா அவளை வெளியே கூட்டிப்போனாள்.

கன்னியப்பன் மட்டும் வரவில்லை. எனக்கு அதுதான் கோபம். மண்டபத்துக்காரன் மேல் வந்திருக்க வேண்டிய கோபம் எல்லாம் கன்னியப்பன் மேல் போனது. படுக்கையில் கிடக்கும்போது மனசு வசதியான வழியில் போகும். ஜெனரேட்டருக்கு முகம் இல்லை, உதைத்த காலுக்கு முகம் இருந்தது. வேறு வழி இருந்திருக்கும், காய்ந்த கழியால் தட்டியிருக்கலாம், அவசரப்பட்டுவிட்டார், இடுப்பு அதனால்தான் போனது என்று சொல்லிக்கொண்டேன். இல்லாத கை வலிக்கும். விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல வலிக்கும். அந்த வலியோடு அவரைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

நடக்க முடிந்ததும் வாரியம் எனக்குப் புகார் மேசையில் வேலை கொடுத்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, இரண்டு போன்கள். ஒன்று பொதுமக்களுக்கு, மற்றது சப் ஸ்டேஷனுக்கு. ஆரம்பத்தில் நான் நல்ல புகார் எழுத்தராக இல்லை. கரண்ட் இல்லை என்பார்கள். தெரியும் என்பேன். எப்ப வரும் என்பார்கள். வரும்போது வரும் என்பேன். ஒரு தறிக்காரர், “ஏம்பா, இன்னா கேட்டாலும் எரிஞ்சு வுழற, உனக்கு எதுனா கை கால் போயிட்சா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அப்படிக் கொஞ்ச காலம் போனது. பிறகு ஒரு மழைக்கால மதியம், காற்றடித்து ஓய்ந்ததும், பொது போன் அடித்தது. ஏனாத்தூர் பக்கம் ஒரு கொல்லை வீட்டிலிருந்து செல்போனில் ஒரு பெண்.

“சார், கம்பி அறுந்து வாசல்ல கெடக்குது சார். ஆடு ஒண்ணு அப்படியே உழுந்துட்சு.”

“நீங்க எங்க நிக்கிறீங்க?”

“மாட்டுக் கொட்டாயாண்ட. என் பொண்ணு அந்தப் பக்கம் ஊட்டுக்குள்ள இருக்குது சார். என்னப் பாத்துட்டு வெளிய வருது.”

அறுந்தது பெரிய லைன் என்று ஆடு விழுந்ததிலிருந்தே தெரிந்தது. தரை ஈரம். கம்பியைத் தொட வேண்டியதில்லை, அதை நோக்கி நடந்தாலே தரை வழியாகக் கரண்ட் தாக்கும். அவள் ஓடினால் அவள் விழுவாள். அவள் விழுவதைப் பார்த்துக் குழந்தை ஓடிவரும்.

“அம்மா, நீங்க ஒரு அடி எடுத்து வெக்கக்கூடாது. தள்ளி நிக்கிறீங்களா?”

“நிக்கிறேன் சார், பாப்பா வருது சார்.”

“உள்ள போவச் சொல்லுங்க.”

“சொன்னாக் கேக்கமாட்டேங்குது, அழுவுது.”

“திட்டுங்க.”

“இன்னா சார்?”

“புள்ளையத் திட்டுங்கம்மா. கிட்ட வந்தா அடிச்சே கொன்னுடுவேன்னு சொல்லுங்க. அது பயப்படணும்.”

பிறகு அவள் ஆரம்பித்தாள். ஒரு தாய் தன் குழந்தையைச் சொல்லக்கூடாத எல்லாவற்றையும் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். குழந்தை வீறிட்டது போனில் கேட்டது. கதவு மூடும் சத்தமும் கேட்டது.

இதற்குள் நான் ரிசீவரைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் மற்ற போனில் சப் ஸ்டேஷனை அழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கை போன பிறகு கழுத்து நிறைய வேலை கற்றுக்கொள்கிறது. மணி அடித்தது, எடுத்தார்கள், அந்தப் பக்கத்துக்குப் போகும் பீடர் லைனின் பெயரைச் சொன்னேன், நிறுத்தச் சொன்னேன். “யாரு சொன்னா?” என்று கேட்டார் அந்தப் பக்கத்து ஆள். “நான் சொல்றேன். நிறுத்திட்டுத் திட்டு” என்றேன். நிறுத்தினார். திட்டவில்லை.

“அம்மா, கரண்ட் நிறுத்தியாச்சு. ஆனா போவாதீங்க.”

“நிறுத்திட்டீங்கன்னா போறேன் சார்.”

“போவாதீங்க. எங்க ஆளு வந்து ராடு மாட்டி, போலாம்னு என்கிட்ட சொல்லணும். அப்புறம் நான் உங்ககிட்ட சொல்லுவேன். அதுவரைக்கும் தள்ளி நில்லுங்க. இன்னும் தள்ளுங்க.”

குழந்தை உள்ளே அழுதுகொண்டிருந்தது. அவள் வெளியே அழுதுகொண்டிருந்தாள். நான் அவள் பெயரையும் குழந்தையின் பெயரையும் ஆட்டின் நிறத்தையும் கேட்டுக்கொண்டே இருந்தேன். இல்லாத கையின் விரல்கள் இறுகி வலித்தன. எங்கள் ஆட்கள் போய், ராடு மாட்டி, கம்பியை ஒதுக்கி, எனக்குச் சொன்னார்கள். நான் அவளுக்குச் சொன்னேன். அவள் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

“ஏன்யா, என் புள்ளைய என் வாயாலயே சாவடிப்பேன்னு சொல்ல வெச்சியே, நீ நல்லா இருப்பியா? அது இப்ப என்கிட்ட வரமாட்டேங்குதுய்யா.”

“கொஞ்ச நேரத்துல வரும்மா” என்றேன். போனை வைத்தேன். எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். அங்கேதான் எனக்குக் கன்னியப்பன் புரிந்தார்.

அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போனேன். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். பனியனோடு வாசலில் மிதிவண்டிக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“வாடா” என்றார். நேற்றுதான் பார்த்ததுபோல.

“ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லியேண்ணே.”

“வந்து இன்னா சொல்றது? ஒதைச்சது நான்தான்னு உனக்கே தெரியும்.”

“வேற வழி இருந்துச்சா?”

அவர் டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். “தெரியலடா. அதான் வரல.” கொஞ்சம் கழித்து வலது காலை நீட்டிக் காட்டினார். கட்டைவிரல் கோணலாக ஒட்டியிருந்தது. “அன்னிக்கு எனக்கும் இது ஒடைஞ்சிட்சு. ஒருத்தன்கூட ஒரு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கினு வரல.”

நான் சிரித்தேன். விபத்துக்குப் பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான் என்று என் மனைவி சொல்வாள். அவள் அங்கே இல்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போதும் சிரித்திருக்கிறேன்.

அங்கேதான் இன்னொன்றும் தெரிந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே கன்னியப்பன் ஒரு வெல்டிங் கடையில் இரண்டாவது ராடு செய்ய வைத்திருக்கிறார். கம்பியைத் துண்டிக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் ராடு, அதன் பிறகுதான் ஏணி. எங்கள் பிரிவில் அது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த வழக்கம் தெரியும், தொடங்கியவர் யாரென்றுதான் தெரியாது. என் பெயர் மாணிக்கம். இரண்டாவது ராடுக்கு ‘மாணிக்கம் ராடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏணியைச் சாய்க்கும் முன் “மாணிக்கத்த மாட்டியாச்சா?” என்பார்கள். நான் உயிரோடு பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, என்னைக் கழியில் மாட்டுவதைப் பற்றித் தினமும் பேசினார்கள். பழகிவிட்டது.

மேசையிலும் எனக்கு ஒரு வழக்கம் வந்தது. கம்பி அறுந்தது என்று யார் கூப்பிட்டாலும், “தள்ளி நிக்கிறீங்களா? இன்னும் தள்ளுங்க” என்று சொல்லி, அவர்கள் நகரும் சத்தம் கேட்ட பிறகுதான் மற்றதைக் கேட்பேன். புகார்களை எல்லாம் வேறு ஊரில் ஒரே இடத்தில் வாங்கும் ஏற்பாடு வந்ததும் என் மேசைக்கு வேலை குறைந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் சுதா எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்திருந்தாள். அவள் பி.இ. படித்ததும் தேர்வெழுதியதும் என் யோசனை இல்லை. நான் பாங்க் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி அன்வரின் கதை. அன்வர் சுதாவின் குழுவில் லைன்மேன், நாலு தலைமுறையாக இந்த ஊர்க்காரர். பட்டுக்கடைகள் இருக்கும் ஒரு தெருவில் கம்பத்தில் வேலை. பியூஸ் கேரியர்கள் சுதாவின் கைப்பையில் இருந்தன. இரண்டு பக்கமும் ராடு மாட்டியிருந்தார்கள். அன்வர் ஏறி ஜம்பரைக் கழற்றினார். ஒரு கடையில் ஏசி நின்றுவிட்டது என்று வாடிக்கையாளர் எழுந்திருக்க, கடைப்பையன் ஜெனரேட்டரை ஓட்டினான். மறுபக்க ராடில் டமார் என்று வெடித்து நெருப்பு பறந்தது. அந்தச் சத்தத்தில் அன்வர் விழுந்தார். கணுக்கால் உடைந்தது.

அன்று மாலை அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு அன்வர் வீட்டுக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கவில்லை. வாழைப்பழம் வாங்கினேன்.

அன்வர் காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சுதா வாசற்படியிலேயே நின்றாள்.

“உள்ள வாங்க மேடம். நான் நல்லாத்தான் கீறேன்.”

“சாரி அன்வர்ணா.”

“எதுக்கு? எனக்குக் கரண்ட்டே அடிக்கல மேடம். சத்தம் கேட்டு நானா குதிச்சேன். யோசிச்சிப் பாத்தா, பேசாம நின்னிருக்கலாம்.”

உள்ளேயிருந்து அவர் மனைவி, “குதிக்கிற வயசா இது? பெல்ட்டையும் கழட்டிட்டுக் குதிச்சிக்கீறாரு மேடம், கேளுங்க” என்றார்.

“எறங்கலாம்னுதான் கழட்டினேன்.”

“இப்ப எறங்கிட்டீங்க இல்ல, நிம்மதியா ஒக்காருங்க.”

சுதா சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் வண்டியை நிறுத்தினாள். பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் முகத்தைத் திருப்பாமலே பேசினாள்.

“அந்தச் சத்தம் வந்தப்ப நான் ஒண்ணுமே பண்ணலப்பா. பைய புடிச்சிக்கினு அப்படியே நின்னுட்டேன். கால் அசையல. கன்னியப்பன் பெரியப்பாவா இருந்தா ஒதைச்சிருப்பாரு.”

“ஒதைக்க வேண்டிய அவசியம் வரலம்மா.”

“வந்திருந்தா?”

நான் மடித்துத் தைத்த சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“நீ ஏன்பா விடல? கை போன அப்புறம் அதே ஆபீஸ்ல போய் ஏன் ஒக்காந்த?”

இங்கேதான் இளைஞர்கள் கேட்ட உற்சாகமான வரி வர வேண்டும். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. “போவ வேற எடம் இல்ல” என்றேன். அது உண்மை. பிறகு, ஏனாத்தூர் பக்கத்துப் பெண் தன் குழந்தையைத் திட்டிய கதையைச் சொன்னேன். அதுவரை வீட்டில் சொன்னதில்லை. அவள் வண்டியின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லி முடித்தபோது அந்த வார்த்தை மறுபடி வாய்க்கு வந்தது: விட்டுவிடு. அவள் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லியிருந்தால் விட்டிருப்பாள். பாங்குக்குப் போயிருப்பாள். வாசலில் நிற்கும் வேலை எனக்குக் குறைந்திருக்கும். ஆனால் அன்வரின் வீட்டில் நான் பார்த்ததை மறைக்க முடியவில்லை.

“சுதா, எனக்கு உன்ன விடச் சொல்லணும்னுதான் இருக்குது. நான் கேட்டா அப்படித்தான் சொல்லுவேன், அதனால என்னக் கேக்காத. அன்வரு டிவி பாத்துக்கினு இருக்கறான். ரெண்டு கையாலயும் ரிமோட்ட புடிச்சிக்கினு இருக்கறான். அதுதான் நான் பாத்தது.”

அவள் வண்டியைக் கிளப்பினாள். மறுநாள் காலை வழக்கம்போலக் கிளம்பிப் போனாள். என்ன முடிவு செய்தாள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசைதான். அவள் வண்டி தெருமுனை திரும்பிய பிறகும் வாசலிலேயே நின்றேன். இப்போதும் நிற்கிறேன்.

துன்பம் தந்த பாடம் என்றால் என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும். வலி எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. ஒரு கையால் சட்டைப் பொத்தான் போடக் கற்றேன். அது வலியிடமிருந்து கற்றதல்ல, பொத்தானிடமிருந்து. அந்த வலியை வீணாகப் போகவிடாமல் ஒருவர் வெல்டிங் கடைக்கு நடந்தார், உடைந்த கட்டைவிரலோடு. அர்த்தம் என்று ஏதாவது இருந்தால் அது அந்த நடையில் இருக்கிறது.

இந்த ஆண்டுக் கருட சேவைக்குப் போனேன். சாமி பார்க்க என்று வீட்டில் சொன்னேன். சாமிக்கு வெகு முன்னால், முன்குழு வேலை செய்யும் தெருவில் போய் நின்றேன். சுதா அங்கே இருந்தாள். பியூஸ் கேரியர்கள் போட்ட கைப்பையைத் தோளில் குறுக்காக மாட்டியிருந்தாள். கம்பத்தில் ஏற வேண்டியவன் புதுப் பையன், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டிருந்தான். மேளச்சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. ஊர்வலக்காரர் ஒருவர் ஓடிவந்து, “மேடம், குடை வந்துட்டுது, சீக்கிரம் ஏறச் சொல்லுங்க” என்றார். பின்னால் நின்றவர்களும் சத்தம் போட்டார்கள். பெருமாளையே நிறுத்துகிறாயா என்று யாரோ கேட்டார்கள்.

சுதா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. தெருவின் மறுகோடியில் கழியோடு நின்ற ஆளைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

“மாணிக்கத்த மாட்டியாச்சா?”

என் பெயரை என் மகள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. மற்றவர்கள் அப்படிச் சொன்னாலும், அவள் எப்போதும் ‘ரெண்டாவது ராடு’ என்றுதான் சொல்வாள்.

“மாட்டியாச்சு மேடம்.”

பையன் ஏறினான். சுதா தன் வலது காலை ஏணியின் கீழ்ப்படியில் வைத்தாள். என்னால் சும்மா நிற்க முடியவில்லை. ஏணியின் மறுபக்கத்தை ஒரு கையாலாவது பிடித்துக்கொள்ளலாம் என்று, ஜனங்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி இரண்டடி வைத்துவிட்டேன். அவள் கால் படியை விட்டு அசையவில்லை. முகத்தை மட்டும் திருப்பினாள்.

“சார், தள்ளி நில்லுங்க.”

நின்றேன்.

“இன்னும் தள்ளுங்க.”

தள்ளி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய், ஜனங்களோடு நின்றுகொண்டேன்.